பூட்டவும் விடமாட்டார்கள், பொறுப்பும் ஏற்கமாட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரயில் நிலையத்து பைக் ஸ்டாண்டுகளில் தினமும் நடக்கும் ஒரு கூத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்தி, ஹேண்டிலைத் திருப்பி லாக் போடப் போனால் ஸ்டாண்டில் வேலை செய்யும் பையன் ஓடி வருவான். "அண்ணா, ஹேண்டில் லாக் போடாதீங்க, வண்டியை நகர்த்தணும்." நூறு வண்டி நிற்கிற இடத்தில் இருநூறு வண்டியை அடைத்தால் நகர்த்தித்தான் ஆக வேண்டும், பையன் மேல் தப்பில்லை. சரி என்று பூட்டாமல் விட்டுவிட்டு, கொடுத்த சீட்டைப் பார்த்தால் கீழே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது: வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகின்றன, காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல.

பூட்டாதே என்று சொல்வதும் அவர்கள்தான், தொலைந்தால் உன் பொறுப்பு என்று சொல்வதும் அவர்கள்தான். இதற்கு நாம் காசும் கொடுக்கிறோம். ஹெல்மெட்டுக்குத் தனிக் காசு.

சீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல ஸ்டாண்டுகளில் அந்தச் சீட்டில் வண்டி நம்பரே எழுதுவதில்லை. பாதியைக் கிழித்து ஹேண்டிலில் செருகிவிட்டு மீதியை நம் கையில் கொடுப்பார்கள், இரண்டிலும் ஒரே வரிசை எண் இருக்கும், அவ்வளவுதான். செருகிய பாதி காற்றில் பறந்துவிட்டால் எந்தச் சீட்டு எந்த வண்டிக்கு என்று யாருக்கும் தெரியாது. இந்தச் சீட்டு வசூல் கணக்குக்கு உதவும், பாதுகாப்புக்கு எந்த உதவியும் செய்யாது. அப்புறம் மாலையில் ஒரு ரயில் வந்து நின்றதும் என்ன நடக்கிறது என்று பார்த்தால் தெரியும். ஒரே நேரத்தில் பெரிய கூட்டம் ஸ்டாண்டுக்குள் நுழைகிறது, எல்லோருக்கும் அவசரம், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர் சீட்டைக் கேட்டால் பின்னால் இருக்கிற பத்துப் பேர் ஹாரன் அடிப்பார்கள், அதனால் அவர் கேட்பதில்லை. திருடன் சுவர் ஏறிக் குதிக்க வேண்டிய அவசியமே இல்லை. தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே போய்விடலாம், கேமராவில் முகம்கூடத் தெரியாது. கேமராவோ பெரும்பாலும் உயரத்தில் ஒரு கம்பத்தில் இருக்கிறது, அதில் நம்பர் பிளேட் தெரியாது, தலைகள்தான் தெரியும்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியவில்லை, சீட்டில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148 முதல் 151 வரையிலான பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். ஒருவர் தன் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைத்தால், வாங்கிக்கொண்டவர் அதைத் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது மாதிரி கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தையல்காரரிடம் கொடுத்த துணிக்கு அவர் பொறுப்பு என்பது போலத்தான். டெல்லி தாஜ் மகால் ஹோட்டலில் 1998இல் விருந்தினர் ஒருவரின் மாருதி ஜென் கார் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று போட்டிருந்தாலும், தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று ஹோட்டல்தான் முதலில் காட்ட வேண்டும், பொதுப்படையான ஒரு வாசகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று தீர்ப்பு. அந்த வழக்கில் சாவியை ஹோட்டல் ஊழியரிடம் கொடுத்திருந்தார்கள், நாம் ஸ்டாண்டில் சாவியைக் கொடுப்பதில்லை, அதனால் அது அப்படியே நமக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பூட்டாதே என்று நம்மைத் தடுத்து, நாம் போன பிறகு அவர்களே வண்டியைத் தள்ளி இடம் மாற்றி வைக்கிறபோது, அது யார் கையில் இருக்கிறது என்று எந்த நீதிபதி கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியது ஸ்டாண்டுக்காரர்தானே?

வண்டியைப் பறிகொடுத்தவர் யாராவது இதைப் படித்தால், சீட்டைத் தூக்கி எறியாமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகட்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சீட்டை அன்றைக்கே போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அந்தத் தாளில் அச்சு நான்கு நாளில் மங்கிவிடும்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இந்த ஸ்டாண்டுகளை ரயில்வே டெண்டர் விட்டுத்தான் ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்கிறது. அதிகப் பணம் தருகிறவருக்கு ஸ்டாண்டு போகிறது. போட்ட பணத்தை எடுக்க அவர் வண்டிகளை நெருக்கி அடைக்கிறார், ஆளைக் குறைக்கிறார். டெண்டர் நிபந்தனையிலேயே சில விஷயங்களைச் சேர்த்துவிட்டால் போதும். சீட்டில் வண்டி நம்பர் எழுதாவிட்டால் அபராதம், வெளியே போகும் வழியில் சீட்டைச் சரிபார்க்கத் தனியாக ஒரு ஆள், அந்த வழியில் நம்பர் பிளேட் மட்டத்தில் ஒரு கேமரா. காலையில் விட்டு ராத்திரி எடுக்கிறவர்களின் வண்டியை நடுவில் யாரும் நகர்த்த வேண்டியதே இல்லை, அவர்களுக்கு உள்பக்கம் தனி இடம் ஒதுக்கி, சுவர் ஓரமாக ஓர் இரும்புக் குழாயைப் பதித்துக் கொடுத்தால் அவரவர் செயின் போட்டுப் பூட்டிவிட்டுப் போவார்கள். சனி ஞாயிறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் இது உதவும். பேருந்து நிலையம், அரசு ஆஸ்பத்திரி, சந்தை என்று உள்ளாட்சிகள் ஏலம் விடுகிற ஸ்டாண்டுகளுக்கும் இதே கதைதான், இதே தீர்வுதான். ஆஸ்பத்திரி ஸ்டாண்டு இன்னும் மோசம், அங்கே வருகிறவர் இருக்கிற பதற்றத்தில் பூட்டினோமா இல்லையா என்பதே அவருக்கு நினைவில் இருக்காது.

ஸ்டாண்டுக்காரர்கள் திருந்துகிற வரைக்கும் நாம் என்ன செய்வது? ஹேண்டில் லாக்கை மட்டும் நம்பக் கூடாது. அது ஒரு சின்ன இரும்பு நாக்கு, பலமாக ஒரு தள்ளு தள்ளினால் போய்விடும். இதைத் திருடர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய நூறு சிசி வண்டிகளில் இன்னொரு சங்கடம், பல வருடம் ஓடிய சாவியின் பல் தேய்ந்திருக்கும், பூட்டின் உள்ளும் தேய்ந்திருக்கும். சாவியை முழுதாக உள்ளே விடாமலே திரும்புகிறதா, வண்டி ஓடும்போதே சாவியை உருவ முடிகிறதா என்று பாருங்கள். அப்படி வந்தால் வேறு ஏதோ ஒரு சாவிக்கும் அந்தப் பூட்டு திறக்கும் என்று அர்த்தம். லாக் செட் மொத்தத்தையும் மாற்றுவதற்கு ஆகும் செலவு வண்டி விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் மெக்கானிக்கே "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் சார்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார், நாமும் வந்துவிடுகிறோம்.

ஸ்டாண்டில் நகர்த்த வேண்டும் என்கிறார்களே, சக்கரத்து பிரேக் டிஸ்க்கில் மாட்டுகிற டிஸ்க் லாக் போட்டாலும் நகராதே என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் ஸ்டாண்டுக்கு நான் சொல்வது மறைவாக வைக்கிற கட் சுவிட்ச். உட்காருகிற இருக்கைக்கு அடியிலோ பக்கவாட்டு மூடிக்குப் பின்னாலோ வைத்துவிட்டால், வண்டியைத் தள்ள முடியும், ஸ்டார்ட் ஆகாது. ஸ்டாண்டு பையனுக்கும் தொந்தரவு இல்லை. நல்ல எலக்ட்ரீஷியனிடம் போடச் சொல்லுங்கள், கண்ட இடத்தில் வயரை வெட்டி ஒட்டினால் மழைக்காலத்தில் நடுரோட்டில் நிற்க வேண்டியிருக்கும், புது வண்டி என்றால் வாரண்டியும் போகும். 2020 ஏப்ரலுக்கு முன்னால் வந்த கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் குழாயை மூடிவிட்டுப் போகலாம். காசில்லாத பாதுகாப்பு. கார்புரேட்டரில் மிச்சம் இருக்கிற பெட்ரோல் தீர்ந்ததும் வண்டி நின்றுவிடும், எடுத்துக்கொண்டு போனவன் நடுவழியில் விட்டுவிட்டு நடையைக் கட்டுவான் என்று ஒரு நம்பிக்கை. அதற்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புது புகை விதிப்படியான) வண்டிகளில் பொதுவாக அந்தக் குழாயே இல்லை.

வீட்டு வாசல் வேறு கதை. அங்கே நகர்த்தச் சொல்ல யாரும் இல்லை, அப்படியும் பலர் செயின் போடுவதில்லை. "நம்ம தெருதானே" என்ற தைரியம். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் தெரு நாய்கூடத் தூங்கிவிடும். செயின் போடுகிறவர்களும் முன் சக்கரத்தில் மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள், அப்படிப் போட்டால் வண்டி ஓடாது, அவ்வளவுதான், இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிச் சின்ன வேனில் ஏற்றிவிடலாம். செயினைப் பின் சக்கரத்துக்குள் விட்டு, வண்டிச் சட்டத்தையும் சுற்றி, அசையாத ஏதாவது ஒன்றில் சேர்த்துப் பூட்ட வேண்டும், கேட், ஜன்னல் கம்பி, தூண், எதுவானாலும் சரி. எதுவும் இல்லையா, வீட்டில் இருக்கிற இரண்டு வண்டியையும் சேர்த்துப் பூட்டுங்கள். செயின் தரையில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தரையில் கிடந்தால் கட்டரை ஊன்றி அழுத்த வசதியாகப் போய்விடும். டிஸ்க் லாக் நல்லதுதான், காலையில் அவசரத்தில் அதை மறந்து வண்டியை எடுத்துக் கீழே விழுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் லாக்கிலிருந்து ஹேண்டிலுக்கு ஒரு பளிச்சென்ற நிறத்துக் கயிறு கட்டி வைப்பது வழக்கம். சாதாரண பைக் கவர் போட்டு மூடுவதற்குக்கூடப் பலன் உண்டு. உள்ளே என்ன வண்டி, என்ன பூட்டு என்று திருடன் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜிபிஎஸ் கருவி இப்போது குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நான் அதற்கு எதிரி இல்லை, ஆனால் பேட்டரி வயரில்தான் அதை இணைக்கிறார்கள், வயரைப் பிடுங்கிவிட்டால் உள்ளே இருக்கிற குட்டி பேட்டரி தாங்குகிற வரைதான் சிக்னல். சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்து, தொலைந்த அன்றைக்குத்தான் அது ஞாபகம் வருகிறது என்பது தனிக் கதை.

இன்சூரன்ஸ் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாறுவது இதில். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வண்டி வாங்கும்போதே ஐந்து வருடத்துக்குத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். ஷோரூமில் தருகிற பாலிசியில் 'ஐந்து வருடம்' என்று பார்த்ததும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். அந்த ஐந்து வருடம், நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படுகிற பாதிப்புக்கு மட்டும். நம் வண்டி திருடுபோனாலோ சேதமானாலோ பணம் தருகிற 'ஓன் டேமேஜ்' பகுதி பெரும்பாலும் முதல் ஒரு வருடத்தோடு முடிந்துவிடும், அதை வருடா வருடம் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். போலீஸ் சோதனையில் ஐந்து வருட பாலிசியைக் காட்டினால் விட்டுவிடுகிறார்கள், அதனால் இரண்டாவது வருடத்திலிருந்து அந்தப் பகுதி காலாவதியாகிக் கிடப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. என் அலுவலகத்தில் ஒருவருக்கு இதுதான் நடந்தது. வண்டிக்கு மாதத் தவணை இன்னும் பாக்கி, வண்டி இல்லை, பாலிசியை எடுத்துக்கொண்டு போனால் "சார், இதுல திருட்டு கவர் ஆகாது" என்று ஒரே வரியில் பதில். இப்போது அவர் இல்லாத வண்டிக்குத் தவணை கட்டுகிறார். இன்றைக்கே உங்கள் பாலிசியை எடுத்து 'ஓன் டேமேஜ்' என்ற இடத்துக்கு எதிரே என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அந்தப் பகுதி உயிரோடு இருந்தாலும் வாங்கிய விலை கிடைக்காது. ஐடிவி என்று, வண்டியின் இன்றைய மதிப்பாக ஒரு தொகை போட்டிருக்கும், அதுதான் உச்ச வரம்பு, நான்கு வருடம் தாண்டிய வண்டிக்கு அது ஏறக்குறையப் பாதிதான். இரண்டு சாவியையும் கேட்பார்கள். வண்டி வாங்கிய அன்றே இரண்டாவது சாவியை ஆர்சி புக்கோடு பீரோவில் வையுங்கள், அதை வண்டி இருக்கைக்கு அடியில் இருக்கிற பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனதாகத் தெரிந்தால் கம்பெனி பணம் தர இழுத்தடிக்கும்.

வண்டி காணாமல் போனதும் முதலில் 100க்கோ 112க்கோ போன் செய்யுங்கள், பேசிய நேரம் பதிவாகும். அப்புறம் ஸ்டேஷன். நம் ஊர் வழக்கம் தெரியுமே, முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து "தேடிப் பார்க்கிறோம், நீங்களும் தேடுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பது சி.எஸ்.ஆர். அல்ல, வழக்குப் பதிவு செய்ததைக் காட்டும் முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். வண்டித் திருட்டு மாதிரியான குற்றங்களில் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173ஆம் பிரிவில், எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம், மின்னணு முறையிலும் அனுப்பி மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடலாம், நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றைக்கே தகவல் சொல்லுங்கள், தாமதத்தைக் காட்டி மறுப்பது அவர்களுக்குப் பழக்கம். உடனே எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால், கம்பெனிக்குச் சொல்வதில் தாமதம் ஏற்பட்டதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனாலும் அவர்களோடு மல்லுக்கட்ட யாருக்கு நேரம் இருக்கிறது?

எஃப்.ஐ.ஆருக்கு இன்னொரு காரணமும் உண்டு. திருடிய பைக்கில்தான் பல செயின் பறிப்பு நடக்கிறது. நம்பரைப் பிடித்துக்கொண்டு போலீஸ் வந்து நிற்கப்போவது நம் வீட்டு வாசலில்.

திருட்டு வண்டியை வாங்குகிற ஆள் இருப்பதால்தான் திருடுகிறான் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. "ஆர்சி அப்புறம் தரேன், இப்போ பாதிக் காசு குடுங்க" என்று வருகிற வண்டியை, விலை மலிவு என்பதற்காக வாங்குகிற நல்ல மனிதர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்கினால் மூன்று வருடம் வரை சிறை. ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கிற சேசிஸ் நம்பரை ஆர்சியோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும், அந்த இடம் சுரண்டிய மாதிரி, புதிதாகப் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்குப் பதிலாகச் சாதாரண பிளேட்டை ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்தால் அதுவும் சந்தேகத்துக்கு உரியதுதான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் வண்டி விவரத்தைக் கொடுத்தால் அது திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். பிடிபட்ட வண்டிகளை ஸ்டேஷன் முன்னால் வரிசையாக நிறுத்தி, பின்னால் போலீஸார் நிற்கிற படத்தை அடிக்கடி போடுகிறீர்கள். அந்த வண்டிகளில் பாதிக்கு நம்பர் பிளேட் மாற்றப்பட்டிருக்கும், சொந்தக்காரர் படத்தைப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. படத்தின் கீழே என்ன வண்டி, என்ன நிறம், சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்து என்று போலீஸிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள், நான்கு அங்குல இடம்கூட ஆகாது. திரும்பக் கிடைத்த வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட நாள் போட்டு வைக்கக் கூடாது, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு உரியவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட வேண்டும், மனுப் போட அவருக்கு முதலில் தன் வண்டி கிடைத்துவிட்டது என்பது தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
தினசரி மின்சார ரயில் பயணி ஒருவர்,
செங்கல்பட்டு மாவட்டம்.